சின்சியரான வடிவு மிஸ்

ஜனவரி 4, வியாழன்

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்று ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு அட்ஜெக்டிவ் பாடம். ‘சின்சியர்’ என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். கோவில்பட்டியில் இருக்கிற அத்தனை அப்பாக்களும் சின்சியர் வொர்க்கர் ஆகிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் மாற்றி யோசித்திருந்தாள். அவளுடைய அம்மா சின்சியர் வொர்க்கராம்.

போர்டில் எழுதி விளக்கினேன். மாடாய் உழைக்கிறவருக்குப் பெயர் சின்சியர் இல்லை. அதற்கு ஹார்ட்வொர்க்கிங் இருக்கிறது, டிலிஜென்ட் இருக்கிறது. சின்சியர் என்றால் உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்துக்கொள்ளாதவர். மனதில் இருப்பதுதான் வாயில் வரும். ஒருவர் கேட்கிற மன்னிப்பு சின்சியராக இருக்கலாம், சொல்கிற நன்றி சின்சியராக இருக்கலாம். தினமும் நேரத்துக்கு ஆபீஸ் போவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தமிழ்நாட்டில்தான் அந்தச் சொல்லை வேலைக்காரச் சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, “அப்ப சின்சியர் சிகாமணின்னு சொல்றது தப்பா மிஸ்?” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். இன்சார்ஜ் பிரின்சிபால் சிரிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

ஆமாம், ஜூன் மாதத்திலிருந்து நான் இன்சார்ஜ். தாமஸ் சார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனதிலிருந்து பிரின்சிபால் அறைச் சாவி என் கைப்பையில் கிடக்கிறது. இங்கிலீஷ் வகுப்புகளையும் விடாமல் எடுத்துக்கொண்டு, அந்த நாற்காலி வேலையையும் பார்க்கிறேன். வாசலில் இன்னும் அவர் பெயர்ப்பலகைதான். மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர்களாகச் செய்யட்டும்.

மதியம் சாப்பிடும்போது லீலாவிடம் இந்த வாக்கியக் கூத்தைச் சொன்னேன். புஷ்பலீலா, கணக்கு மிஸ். நானும் அவளும் ஒரே ஆண்டில் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து ஒரே மேஜையில் சாப்பாடு. அவள் குழம்பு எனக்கு, என் கூட்டு அவளுக்கு.

“அப்ப நான் சின்சியர் இல்லையாக்கா? லீவுலகூட வந்து பேப்பர் திருத்துனேனே?”

“நீ டிலிஜென்ட். சின்சியரா இல்லையான்னு ஒனக்குத்தான் தெரியும்.”

அவள் அதை விடவில்லை. அப்படியானால் ஒருவரைச் சின்சியர் என்று சொன்னால், அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம் என்று கேட்டாள். அதேதான் என்றேன். கணக்கு மிஸ் இல்லையா, எதையும் அரைகுறையாகப் புரிந்துகொண்டு விட மாட்டாள். எனக்கு அவளிடம் பிடித்த குணமே அதுதான்.

ஜனவரி 8, திங்கள்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நான்காவது பீரியடில் கரஸ்பாண்டென்ட் சார் கூப்பிட்டு அனுப்பினார். அய்யாத்துரை சாருக்கு ஊருக்கு வெளியே தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. பள்ளிக்கூடம் அவருக்கு இரண்டாவது பிள்ளை மாதிரி. நான் போனபோது லீலா டைம்டேபிளில் கையெழுத்து வாங்க நின்றிருந்தாள். “நீங்களும் இருங்க மிஸ், ரகசியம் ஒண்ணும் இல்ல” என்று அவளையும் உட்கார வைத்தார்.

சுற்றி வளைக்கவில்லை. “வர்ற வருஷத்துக்கு நிரந்தரமா பிரின்சிபால் போட்டாகணும். ஆண்டு விழாவில அறிவிக்கணும்னு கமிட்டியில சொல்லுதாக. நீங்க இருக்கீகளா?” என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் வாய் அதன் பாட்டுக்குப் பேசியது. “எனக்கெதுக்கு சார் அதெல்லாம். என்னைவிடத் தகுதியானவங்க இருப்பாங்க. பாருங்க. நான் எப்பவும்போல கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கேன்.”

வேறு என்ன சொல்வது? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் காபி வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம். அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பாலை அடுப்பில் வைப்பார்கள். முதல் தடவையே “கொண்டாங்க” என்று கை நீட்டுகிறவர்களை நாங்கள் என்ன சொல்வோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். நாற்காலி காபியைவிடப் பெரிய விஷயம். அதற்கு இரண்டு தடவையாவது கேட்க வேண்டும்.

சார் “அப்படியா” என்றார். கொஞ்ச நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டினார். “சரி, பாப்போம்” என்றார்.

வராந்தாவில் லீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்க்கா அப்படிச் சொன்னீக? உங்களுக்கு ஆசைதானே?”

“ஆசை இல்லாமலா? ஒன்கிட்ட சொல்றதுக்கு என்ன. ரிட்டயர் ஆகுறதுக்குள்ள அந்த வாசல்ல சண்முகவடிவுன்னு என் பேரு வரணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு. அதுக்காக, கேட்ட உடனே பல்லைக் காட்டவா? இன்னொரு தடவ கேக்கட்டும்.”

“கேப்பாக, கேப்பாக” என்றாள் லீலா.

வீட்டில் இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நேராகச் சொல்லிப் பழகியவர். “நாளைக்கே போய் ‘சரி சார், பாக்கேன்’னு சொல்லிட்டு வா. அவரு வியாபாரி. சரக்கு வேணுமான்னு ஒரு தடவதான் கேப்பாரு” என்றார்.

நானாகப் போய்க் கேட்கவா? நன்றாக இருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

காஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் கசிவதுபோல இருந்ததால் வாஷர் மாற்றினேன்.

லீலா ஒரு உதவி கேட்டாள். அவள் மகனுக்குப் பெங்களூரில் பெண் பார்க்கிறார்களாம். பெண் வீட்டில் எல்லாரும் இங்கிலீஷ்தானாம். “சம்பந்தியம்மா முன்னால ஊமை மாதிரி உக்கார முடியுமாக்கா? கணக்குப் பாடத்துக்கு வேண்டிய இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியும். நாலு பேரு முன்னால நின்னு பேசச் சொல்லிக் குடுங்க” என்றாள். சாயங்காலம் பள்ளி விட்டபின் கொஞ்ச நேரம் இருந்து சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இவ்வளவு நாள் கழித்தாவது அவளுக்கு இந்த ஆசை வந்ததே.

சார் இன்னும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பொங்கல் வேலையில் இருப்பார்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. மகள் சென்னையிலிருந்து போனில்தான் பேசினாள், லீவு கிடைக்கவில்லையாம்.

கரஸ்பாண்டென்ட் வீட்டிலிருந்து ஒரு கட்டு கரும்பு வந்தது. போன வருஷம் வரவில்லை. “கரும்பு வந்துட்டு, ஆர்டர் எப்ப வரும்?” என்று இவர் கேலி செய்தார். கேலியோ என்னவோ, வந்தது வந்ததுதானே.

ஜனவரி 19, வெள்ளி

லீலாவுக்குப் பயிற்சி நன்றாகப் போகிறது. சொந்தமாக ஒரு சிறு பேச்சுத் தயாரித்துக்கொண்டு வந்தாள். நிச்சயதார்த்தத்தில் பேசவாம். ‘எனக்கு இது பெரிய கௌரவம், நான் இதை எதிர்பார்க்கவே இல்லை, உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுவேன்’ என்று தமிழில் சொல்லி, இங்கிலீஷில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். மாமியார் ஆகிறதற்கு இவ்வளவு பணிவா என்று சிரித்தேன். “பெரிய இடம்க்கா” என்றாள்.

எதிர்பார்க்கவே இல்லை என்கிற வரியில் மட்டும் சரியாக வரவில்லை. ஒப்பிப்பதுபோல் இருந்தது. “சொல்லும்போது லேசா நிறுத்து. ஒரு தடவ கீழ பாரு, அப்புறம் நிமிரு. அப்பத்தான் நம்புவாக” என்று செய்து காட்டினேன். அவள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். கடைசியில் எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவ்வளவு நன்றாக வந்துவிட்டது.

ஜனவரி 23, செவ்வாய்

வந்துவிட்டது!

எங்கள் பள்ளியில் மேடையில் யார் இங்கிலீஷ் பேசினாலும் அது நான் எழுதியதாகத்தான் இருக்கும். வரவேற்புரை, நன்றியுரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், எல்லாம். கரஸ்பாண்டென்ட் சாருக்கு மட்டும் இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவேன், பெரிய எழுத்தாக, மூச்சு விட வேண்டிய இடத்தில் கோடு போட்டு. அது எனக்கும் அவருக்கும் லீலாவுக்கும்தான் தெரியும்.

இன்று லீலா வந்து, “ஆண்டு விழாவில புது பிரின்சிபாலை அறிமுகப்படுத்த ஒரு பக்கம் வேணுமாம்க்கா. சார் சொல்லிவிட்டாக. பேரு போட வேண்டாமாம். மேடையில அவுகளே சொல்லிக்கிடுவாகளாம்” என்றாள்.

“யாராம்?” என்று நான் வேண்டுமென்றே கேட்டேன்.

“என்னைப் போய்க் கேக்கீகளேக்கா. ஒரு பெண்மணின்னு வச்சு எழுதச் சொன்னாக. இந்தப் பள்ளிக்கூடத்திலேயே ரொம்ப வருஷம் இருக்கவுகளாம்” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

இரண்டாவது தடவை கேட்பது இப்படித்தான் போலிருக்கிறது. ‘உன்னைப் புகழ்ந்து நீயே எழுது’ என்று நேரில் எப்படிச் சொல்வார்? நாகரிகம் தெரிந்தவர், அதனால் சிநேகிதி மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவரிடம் சொன்னதற்கு, “அவரு வாயால சொன்னாரா?” என்றார். வங்கியில் இருந்தவர் எல்லாவற்றுக்கும் கையெழுத்து கேட்பார்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூச விடுமுறை. இவர் கழுகுமலைக் கோயிலுக்குப் போய்விட்டார். நான் எழுத உட்கார்ந்தேன்.

ஊரில் யாருக்கெல்லாமோ அட்ஜெக்டிவ் தேடிக் கொடுத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு நகைக்கடை முதலாளிக்கு ‘விஷனரி’ கொடுத்தேன், பாவம், அவருக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. இன்று எனக்கு நானே தேடும்போது ஒன்றும் சிக்கவில்லை. எஃபிஷியன்ட் என்று எழுதினால் மோட்டார் பம்ப் விளம்பரம் மாதிரி இருக்கிறது. டைனமிக் என்றால் என் முழங்கால் சிரிக்கும். ஹம்பிள் என்று தன்னையே எழுதிக்கொண்டால் அது எப்படிப் பணிவு ஆகும்?

கடைசியில் பேஷன்ட் என்று போட்டேன், ஆஸ்பத்திரி பேஷன்ட் இல்லை, பொறுமைசாலி. ஃபேர் என்று போட்டேன், ஏனென்றால் ஒரு மார்க்கைக்கூட யாருக்காகவும் மாற்றியதில்லை. ஸ்டெட்ஃபாஸ்ட் என்று போட்டேன். நல்ல சொல். மழையானாலும் வெயிலானாலும் நகராமல் நிற்கிற குணம். சாருக்கு வாயில் நுழையுமா என்று தெரியவில்லை, பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். ‘இவருடைய வகுப்பில் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது’ என்று ஒரு வரி எழுதினேன். எழுதி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் என்னைப் பற்றி யாரும் இதைச் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஆகிவிட்டது. பிறகு துடைத்தேன்.

ஜனவரி 29, திங்கள்

லீலாவிடம் கொடுத்தேன். அங்கேயே நின்று வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள்.

“ரொம்ப நல்லா இருக்குக்கா” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு, “சின்சியர்னு போடலியே?” என்றாள்.

“அதை எழுதிக் குடுக்க முடியாது லீலா. கூட இருந்து பாத்தவங்க சொல்லணும்.”

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்று அவள் சாப்பிட வரவில்லை. தலைவலியாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

பிரின்சிபால் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். சாவியை லீலா வந்து வாங்கிக்கொண்டு போனாள். சுவருக்கு என்ன நிறம் என்று என்னைக் கேட்கவில்லை. ஆச்சரியமாக வைத்திருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். இளம் பச்சைதான் எனக்குப் பிடிக்கும் என்று லீலாவுக்குத் தெரியும், அவள் சொல்லியிருப்பாள். என் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்டாஃப் ரூமில் வைத்திருக்கிறார்கள். பெயின்ட் படாமல் இருப்பதற்காக.

இங்கிலீஷ் பயிற்சி போதும் என்று சொல்லிவிட்டாள். நிச்சயதார்த்தத் தேதி தள்ளிப் போயிருக்கிறதாம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சேலை எடுத்தேன். அரக்கு நிறம், சின்னக் கரை. மேடையில் விளக்கு வெளிச்சத்தில் அடிக்காத நிறம் என்று கடைக்காரப் பெண்ணும் சொன்னாள். லீலாவைத் துணைக்குக் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்று வரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பதவி வந்தால் இப்படித்தான் ஆகும் என்று தாமஸ் சார் சொல்வார்.

பிப்ரவரி 10, சனி

ஆண்டு விழா முடிந்தது. இன்று எழுத முடியாது.

பிப்ரவரி 11, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இவரும் வந்திருந்தார், சட்டையை இஸ்திரி போட்டு. பிள்ளைகளின் நடனம், பரிசளிப்பு எல்லாம் முடிந்ததும் சார் மைக் முன்னால் வந்து பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். தூரத்திலிருந்தே என் எழுத்து தெரிந்தது.

நன்றாக வாசித்தார். நான் கோடு போட்ட இடத்தில் எல்லாம் மூச்சு விட்டார். பேஷன்ட். ஃபேர். ஸ்டெட்ஃபாஸ்ட் வரும்போது கொஞ்சம் திணறி, சரியாகச் சொல்லிவிட்டார். ‘கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது’ என்ற இடத்தில் பெற்றோர்கள் கை தட்டினார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். சேலை மடிப்பைச் சரி செய்தேன். எழுந்திருக்கத் தயாராக நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“நமது புதிய பிரின்சிபால், திருமதி புஷ்பலீலா” என்றார்.

நான் பாதி எழுந்துவிட்டேன். அதை எப்படி எழுதுவது? பாதி எழுந்து, அப்படியே நின்றேன். இவர் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்தார். பின்னால் யாராவது பார்த்திருப்பார்கள். நிச்சயம் பார்த்திருப்பார்கள்.

லீலா மேடை ஏறினாள். மயில் கழுத்து நிறப் பட்டு, புதிது. இங்கிலீஷில் பேசினாள். ஒரு தப்பு இல்லை. ‘நான் இதை எதிர்பார்க்கவே இல்லை’ என்ற இடத்தில் லேசாக நிறுத்தினாள். கீழே பார்த்தாள். நிமிர்ந்தாள். எல்லாரும் நம்பினார்கள்.

அதன் பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். சார் காகிதம் இல்லாமல் தமிழில் சொன்னார், “நம்ம வடிவு மிஸ் பத்தி என்ன சொல்ல. இன்சார்ஜா இருந்து பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கிட்டாக. வெரி வெரி சின்சியர் டீச்சர்.” கை தட்டினார்கள். லீலாவும் தட்டினாள்.

வரும் வழியில் ஆட்டோவில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அவரே தோசை ஊற்றினார், கருகிப்போனது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

என் சொற்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அழுதது வேலைக்காக மட்டும் இல்லை. அந்தச் சொற்களைத் தேடி எடுத்த அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்துத்தான் அழுதேன்.

பிப்ரவரி 12, திங்கள்

கேட்டுவிட்டேன். பள்ளிக்குப் போனதும் நேரே கரஸ்பாண்டென்ட் சாரிடம் போனேன். “ஏன் சார்?” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

“நீங்கதானே மிஸ் வேண்டாம்னீங்க?”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்.”

“எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே லீலா மிஸ்கிட்ட கேட்டேன். ‘சும்மா ஒப்புக்குச் சொல்லுதாகளா, மெய்யாவே வேண்டாங்காகளா? நாளைக்கு இன்னொரு தடவ கேக்கட்டுமா?’ன்னு. அவுகதான் சொன்னாக, ‘கேக்காதீங்க சார். வடிவு மிஸ் சின்சியர். மனசுல உள்ளதுதான் அவுக வாயில வரும். திரும்பக் கேட்டீகன்னா சங்கடப்படுவாக’ன்னு. உங்ககூடயே இருக்கவுக சொல்லும்போது நான் நம்பாம என்ன செய்ய?”

பேப்பர் வெயிட்டை உருட்டினார். “பெறகு அவுகளையே கேட்டேன். அவுகளும் வேண்டாம்னுதான் சொன்னாக. நான் இன்னொரு தடவ கேட்டேன், சரின்னுட்டாக” என்றார்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பிள்ளைக்கும் விளங்காத பாடம் ஒருத்திக்கு மட்டும் நன்றாக விளங்கியிருக்கிறது. பொருள் சரி, பயன்பாடு சரி. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. முழு மார்க் போடலாம். வராந்தாவில் நான் சொன்ன ஆசையை, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் அவள்தான். கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே போய் என்னை நல்லவள் என்று சொல்லியிருக்கிறாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெங்களூர்ச் சம்பந்தம் என்று ஒன்று இருக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

லீவு போட்டேன். மளிகைச் சாமான் வாங்கினேன். மிளகாய் வற்றல் காயப் போட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

சாயங்காலம் லீலா வீட்டுக்கு வந்தாள். சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம், மல்லிகைப்பூ ஒரு பந்து. இவர் கதவைத் திறந்து, “வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார், சத்தத்தைக் குறைத்து.

நிறைய பேசினாள். தானாகக் கேட்கவில்லை, தலையில் கட்டிவிட்டார்கள், ராத்திரி தூக்கமே இல்லை, நீங்கள் கூட இருந்தால்தான் நான் சமாளிப்பேன். வருகிற திங்கள்கிழமை பெற்றோர் கூட்டமாம், இங்கிலீஷில் நாலு வரி வேண்டுமாம். சொல்லிவிட்டுப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள், “உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லையேக்கா?”

என் வாயில் பதில் தயாராக வந்து நின்றது. ‘சேச்சே, என்ன லீலா இது, நீயும் நானும் அப்படியா பழகியிருக்கோம்’ என்கிற அந்த முழு வாக்கியமும். அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்த வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன், காபி குடித்திருப்போம், திங்கள்கிழமைக்கு நாலு வரி எழுதிக் கொடுத்திருப்பேன்.

“இருக்கு” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இருக்கு லீலா. நெறைய இருக்கு. எனக்கு அந்த வேலை வேணும். ஒன்கிட்ட மட்டும்தான் அதைச் சொன்னேன். நீ அதைத் தெரிஞ்சுக்கிட்டே அவரு திரும்பக் கேக்கவிடாம பண்ணிட்ட.”

உள்ளே டிவி சத்தம் முழுதாக நின்றது. லீலாவின் முகம் சிவந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “நான் உங்ககிட்ட வந்து, எனக்கும் ஆசையா இருக்கு, விட்டுக் குடுங்கன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பீகளாக்கா?” என்றாள். முதல் தடவையாக அவள் பேசுவதில் நடிப்பு இல்லை.

“குடுத்திருக்க மாட்டேன்.”

“அப்புறம் நான் என்ன செய்ய? எத்தனை வருஷமா வடிவு மிஸ்கூட இருக்க மிஸ்ஸுன்னுதானே என்னைச் சொல்லுதாக.”

“கேட்டிருக்கலாம். நானும் மாட்டேன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் மொகத்தைப் பாத்துச் சண்டை போட்டிருக்கலாம். யாருக்குக் கெடைச்சாலும் மறுநாள் ஒண்ணாச் சாப்பிட்டிருப்போம்” என்றேன். குரல் உடைந்துவிட்டது, மறைக்கவில்லை. “இனிமே நான் ஒனக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன். ஸ்கூலுக்கு வருவேன், கிளாஸ் எடுப்பேன். மதியம் எனக்காகக் காத்திருக்காத.”

எழுந்தாள். பையை எடுத்தாள். காராச்சேவையும் பூவையும் பார்த்தாள், எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் வைத்துவிட்டு நடந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பழக்கத்தில், “வாரேன்க்கா” என்றாள்.

இந்த வீட்டு வாசலில் பால்காரரிடம்கூடப் போய்விட்டு வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

“போ” என்றேன். அவள் கேட்டைத் திறக்கும் வரை நின்று, கதவைச் சாத்தினேன்.